தோலில் தடிப்பு: இப்போதே போகணுமா, பொறுத்துப் பார்க்கலாமா?

கைக்குழந்தையின் உடம்பில் ஒரு புள்ளி புதிதாக வந்தால் குளிப்பாட்டும்போதே தெரிந்துவிடும். பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையிடம் அந்த வசதி கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும் வயது அது. இடுப்பில் ஆரம்பித்த தடிப்பு கழுத்துக்கு ஏறிய பிறகுதான் அம்மாவின் கண்ணில் படுகிறது. அதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா, கொசு கடிச்சிருக்கும்" என்றுதான் பதில் வரும். ஆகவே இந்த வயதில் "இது என்ன?" என்பதை விட "எப்போதிலிருந்து இருக்கிறது, வேறு எங்கெல்லாம் இருக்கிறது?" என்பதே முதல் கேள்வி.

தடிப்புக்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை. தோல் மருத்துவர்களே சில சமயம் ஒரு துளி தோலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் முடிவுக்கு வருகிறார்கள். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்த நிமிடமே கிளம்புவதா, இன்றைக்குள் காட்டுவதா, சில நாள் பார்ப்பதா? இதைத் தீர்மானிக்கத் தடிப்பின் தோற்றத்தை விடப் பிள்ளையின் நிலைமைதான் அதிகம் உதவும். உடம்பு முழுக்கத் தடித்து, பார்க்கவே பயமாக இருந்தும், வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு அவசரம் குறைவு. காய்ச்சலோடு சுருண்டு கிடக்கும் பெண்ணின் காலில் நாலே நாலு சின்னப் புள்ளிகள் இருந்தாலும் அவசரம் அதிகம்.

காத்திருக்கக் கூடாத நிலை

தடிப்போடு உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கினால், குரல் கரகரத்தால், மூச்சு வாங்கினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலை சுற்றி விழப்போனால் உடனே 108-ஐ அழையுங்கள். இது கடுமையான ஒவ்வாமை. நிலக்கடலை, இறால், குளவிக் கொட்டு, ஊசி, மாத்திரை என எதனாலும் வரலாம். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் செட்டிரிசின் அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழல் அடைப்பைத் திறக்காது. இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். மாடிப்படி இறக்கி நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், திடீரென எழுந்து நிற்பதே ரத்த அழுத்தத்தை விழவைத்துவிடும்.

அடுத்தது, அழுத்தினால் மறையாத புள்ளிகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு ஈடு வேறில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டுப் பகுதியைத் தடிப்பின் மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள். கண்ணாடி வழியே பாருங்கள். சிவப்பு மறைந்து தோல் வெளிறினால் ரத்தம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு அது. அழுத்தியும் நிறம் அப்படியே நின்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது என்று பொருள். குண்டூசித் தலை அளவுள்ள புள்ளிகளாகவும் இருக்கலாம், அடிபடாமலே கன்றிப்போன நீலத் திட்டுகளாகவும் இருக்கலாம்.

நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தச் சோதனைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். புத்தகப் படங்களில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, நம் தோலில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் படிந்த பழுப்பாகவோ தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது. எனவே உள்ளங்கை, உள்ளங்கால், முழங்கையின் உட்பக்கம், வயிறு, கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிறிய இடங்களில் தேடுங்கள். குழல் விளக்கு வெளிச்சம் போதாது, பகலாக இருந்தால் ஜன்னலோரம் அழைத்துப் போங்கள். கண்ணுக்குத் தெரியாத தடிப்பு சில நேரம் கைக்குத் தெரியும். பிள்ளை சம்மதித்தால் தடவிப் பாருங்கள்.

மறையாத புள்ளியும் காய்ச்சலும் சேர்ந்தால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். நள்ளிரவானாலும் சரி. கழுத்து விறைப்பு, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, குழப்பமான பேச்சு, கைகால் சில்லிட்டுப்போவது ஆகியவையும் இருந்தால் மூளைச்சவ்வைத் தாக்கும் கிருமியாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்குத் தாமதமே உயிரை எடுக்கும். காய்ச்சல் இல்லை, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்த்தாக வேண்டும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா, பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வழக்கத்துக்கு மீறிப் போகிறதா என்று கேளுங்கள். இரண்டாவதை அப்பாவிடம் சொல்ல மாட்டாள், அம்மாவிடம்கூடக் கேட்டால்தான் சொல்வாள். புள்ளிகள் தடவினால் கையில் தட்டுப்படும்படி மேடாக, கால்களிலும் பிட்டத்திலும் கூட்டமாக இருந்து, வயிற்று வலியும் மூட்டு வலியும் சேர்ந்தால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அப்போது சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம், சிறுநீரகத்தைத் தொடும் நோய் அது.

பலமாக இருமியோ வாந்தி எடுத்தோ முகத்திலும் கழுத்திலும் மட்டும் தெறித்தாற்போல் வரும் சில புள்ளிகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆனால் அதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

மழைக்காலக் காய்ச்சலும் தடிப்பும்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பனிக்காலம் முடியும்வரை, காய்ச்சலோடு தடிப்பு வந்தால் இரண்டு நோய்கள் உங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

ஒன்று டெங்கு. அதன் சூழ்ச்சி காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், உடம்பெங்கும் சிவந்து, நடுவே நடுவே வெளிறிய சிறு திட்டுகள் தெரியும், உள்ளங்கை அரிக்கும். "அம்மாடி, காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீடே நிம்மதியாக மூச்சு விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, சில்லென்ற கைகால், சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், அவை ரத்தக் கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கும் வீடுகளில் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றொன்று ஸ்க்ரப் டைஃபஸ், நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு பூச்சியின் இளம்பருவம் கடித்து வருகிறது. கடி வலிக்காது. கடித்துப் பத்து நாள் வாக்கில் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும், சிலருக்கு மார்பிலும் வயிற்றிலும் மங்கலான தடிப்பு வரும். இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் கடித்த இடத்திலுள்ள ஒரு கறுத்த பொருக்கு. சிகரெட்டால் சுட்ட புண் போல வட்டமாக, ஓரம் சிவந்து, வலியோ அரிப்போ இல்லாமல் இருக்கும். அது இருக்கும் இடங்கள்தான் சிக்கல்: அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, உள்ளாடையின் பட்டி இறுக்கும் இடுப்பு, பிட்டம், பிறப்புறுப்பு. பதின்வயதுப் பிள்ளை தானாக ஒருபோதும் காட்டாத இடங்கள். வலிக்காததால் அது இருப்பதே சில சமயம் பிள்ளைக்கும் தெரியாது.

இங்கே அதட்டல் வேலைக்காகாது. "சட்டையைக் கழட்டு, பார்க்கணும்" என்றால் முறைத்துக்கொண்டு போய்விடுவார்கள். என்ன தேடுகிறோம், ஏன் தேடுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். "கறுப்பா ஒரு பொருக்கு இருந்தா இந்தக் காய்ச்சலுக்கு மருந்தே வேற. நீயே கண்ணாடியில பாத்துட்டு வந்து சொல்லு. முதுகை மட்டும் நான் பாக்குறேன்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கைப்பேசியில் அவர்களே படமெடுத்து, உங்களுக்குக் காட்டாமல் மருத்துவரிடம் மட்டும் காட்டினாலும் போதும். அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளுக்குள் பலருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். ஆடு மாடு மேய்க்கும், புல் அறுக்கும், வயலோரம் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

வாயும் கண்ணும் புண்ணானால்

தடிப்பு அரிக்கிறதா, எரிகிறதா என்று கேளுங்கள். அரிப்பு தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தொட்டாலே தோல் வலிக்கிறது, நெருப்பு பட்டதுபோல் எரிகிறது என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். கூடவே வாயில் புண், கண் சிவந்து உறுத்தல், சிறுநீர் போகும்போது எரிச்சல், தேய்த்தால் தோல் உரிந்து வருவது ஆகியவை இருந்தால் அது மருந்தின் கடுமையான எதிர்விளைவாக இருக்கலாம். கிளினிக்கில் நேரத்தை வீணாக்காமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வகை எதிர்விளைவு மாத்திரை தொடங்கிய அன்றே வருவதில்லை. ஒன்றிலிருந்து நான்கு வாரம் கழித்து வருவதே அதிகம், அதற்குப் பிறகும் வரலாம். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சம்பந்தம் தோன்றுவதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ஃபெனிடாய்ன், லாமோட்ரிஜின் ஆகியவையும் சல்ஃபா வகை மாத்திரைகளும் இதில் முக்கியமானவை. கடந்த இரண்டு மாதத்தில் உள்ளே போனது எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். தோழி கொடுத்த வலி மாத்திரை, ஜிம்மில் சொன்ன பவுடர், நாட்டு மருந்து, முடி வளர வாங்கிய மாத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். திட்டமாட்டோம் என்று உறுதி கொடுத்துவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் முழுப் பட்டியல் வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு; நிறுத்துவதா மாற்றுவதா என்பதை அன்றே, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, மருத்துவர் சொல்லட்டும்.

அம்மை வந்த வீடு

நீர்க்கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒரே நேரத்தில் சிவந்த புள்ளியும் கொப்புளமும் பொருக்கும் கலந்து தெரிந்தால் அது சின்னம்மை. மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, அசைவம் நிறுத்தி, தண்ணீர் ஊற்றும் நாள்வரை மருந்து தொடாத வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேப்பிலையும் இளநீரும் தனிப் படுக்கையும் பிள்ளைக்கு எந்தத் தீங்கும் செய்யா. வழக்கம் வழக்கமாகவே இருக்கட்டும். ஆனால் சிறு குழந்தைக்கு வரும் சின்னம்மையும் பதினாறு வயதில் வரும் சின்னம்மையும் ஒன்றில்லை. வயது கூடக் கூட நிமோனியாவுக்கு வாய்ப்பு கூடும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாகக் கிடைக்கும். அம்மனை வணங்கிக்கொண்டே மருத்துவரையும் பார்க்கலாம், ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரும் உடனே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மூச்சிரைப்பு, நிற்காத இருமல், தள்ளாடும் நடை, கண்ணில் கொப்புளம் இருந்தால் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். இதிலும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது.

காய்ச்சல், இருமல், கண் சிவப்பு ஆகியவற்றுக்குப் பிறகு காதோரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு தட்டம்மையாக இருக்கலாம். கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள், காத்திருப்போர் அறையிலேயே அது பரவும்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்தால் அக்கி. காவி எழுதுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நெற்றியிலோ கண்ணருகிலோ இருந்தால் அன்றே.

பார்க்கலாம் என்று முடிவெடுத்தால்

காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அழுத்தினால் மறைகிறது, பிள்ளை வழக்கம்போல் இருக்கிறது. அப்படியானால் பொறுக்கலாம். பொறுப்பது என்றால் சும்மா இருப்பதில்லை. தடிப்பைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, ஒரே வெளிச்சத்தில் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தோல் சூடாக, வீங்கி, வலியோடு சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அது தொற்று, காத்திருப்பு அத்தோடு முடிந்தது.

கோட்டுக்குள் இருந்தது 24 மணி நேரத்துக்குள் மறைந்து வேறிடத்தில் புதிதாகத் தடித்தால் காணாக்கடி. பெரும்பாலும் தானாக அடங்கும். ஆறு வாரம் தாண்டியும் வந்து போனால் மருத்துவரைப் பாருங்கள். காலையில் எழும்போது கழுத்திலோ கன்னத்திலோ கோடு இழுத்தாற்போல் எரிச்சலான சிவப்பு இருந்தால், மழை நாளில் விளக்குக்கு வரும் ஒரு வண்டு தோலில் நசுங்கியிருக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டிருந்தால் மட்டும் காட்டுங்கள். ஜீன்ஸ் பொத்தான் படும் தொப்புளுக்குக் கீழே, கவரிங் தோடு போட்ட காதில், கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் மட்டும் தடிப்பு இருந்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது. திருவிழாக் கடையில் போட்ட கருப்பு மெஹந்திக்கு வரும் கொப்புளத்தையும் தலைச்சாயத்துக்கு வரும் முக வீக்கத்தையும் மறக்காமல் குறித்து வையுங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும்.

ராத்திரியில் அரிப்பு அதிகம், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பொரிகள், விடுதியில் படிக்கும் பிள்ளை, வீட்டில் தம்பிக்கும் அரிக்கிறது என்றால் அது சிரங்கு. பூச்சுமருந்தை வீட்டில் அத்தனை பேரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஒருவர் மட்டும் பூசினால் அது வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அவசரமில்லாத, ஆனால் தவறவிடக் கூடாத இரண்டு உண்டு. அரிக்காத, வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு ஒன்று மாதக்கணக்கில் இருந்தால், பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அங்கே தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். தேமல் என்று விட்டுவிடுவது இங்கேதான் வழக்கம். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம், வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். சீக்கிரம் தொடங்கினால் நரம்பு பாழாகாது. இன்னொன்று, பருவப் பெண்ணின் இரு கன்னத்திலும் மூக்குத் தண்டின் மேலும் பரவி வெயிலில் கூடும் சிவப்பு. மூட்டு வலி, முடி கொட்டுவது, ஓயாத சோர்வு சேர்ந்திருந்தால் அது பருவும் இல்லை, வெயில் ஒவ்வாமையும் இல்லை. லூபஸா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

கடையில் கேட்டு வாங்கும் ட்யூப்

இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தொடை இடுக்கில் படர்தாமரை வந்த பையன் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லமாட்டான். மருந்துக் கடையில் கேட்பான், அல்லது நண்பனின் ட்யூபை வாங்கிப் பூசுவான். அதில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை உள்ளே சத்தமில்லாமல் பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும், அதுவும் அடையாளம் தெரியாத உருவத்தில். தொடையில் நிரந்தரமான கோடுகள் விழும். நிறம் கூட்டும் என்று முகத்தில் இதையே பூசும் பெண்களுக்குத் தோல் மெலிந்து, பருவும் முடியும் முளைக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் ஸ்டீராய்டு க்ரீம்கள் பல அட்டவணை எச்-இல் சேர்க்கப்பட்டன. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. காரணம் தெரியாத தடிப்பில் வீட்டில் பூசக்கூடியது தேங்காய் எண்ணெய், கலமைன் லோஷன், குளிர்ந்த ஈரத்துணி. அவ்வளவுதான். சுண்ணாம்பு, பற்பசை, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

காய்ச்சல் இருந்தால் தோல் மருத்துவரின் மாலை நேரத்துக்காகக் காத்திருக்காமல் பொது மருத்துவரையோ அரசு மருத்துவமனையையோ பாருங்கள்; காய்ச்சல் இல்லாத பழைய தடிப்புக்குத்தான் தோல் மருத்துவர். போவதா வேண்டாமா என்று தடுமாறினால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். அன்று காலை எந்தக் க்ரீமும் பூசாமல், நகச்சாயம் அழித்துவிட்டு, எடுத்த படங்கள், மாத்திரை அட்டைகள், பூசிய ட்யூபின் காலி உறை எல்லாவற்றையும் கொண்டு போங்கள். எந்த நாள், எந்த இடத்தில் தொடங்கியது, எந்தப் பக்கம் பரவியது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அந்த ஐந்து நிமிடத்தில் தடுமாற மாட்டீர்கள்.

உள்ளே போனதும் பிள்ளையைப் பேச விடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின் "டாக்டர், நான் வெளியே இருக்கேன், அவகிட்ட தனியா பேசுங்க" என்று எழுந்து வந்துவிடுங்கள். பெண் பிள்ளையைப் பரிசோதிக்கும்போது மட்டும் செவிலியரோ நீங்களோ கூட இருக்க வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும் தடிப்பு, பிறப்புறுப்பில் வரும் புண், கையில் வரிசையாக இருக்கும் கீறல்கள் ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோர் முன்னால் உண்மை வராது. வெளியே வந்தபிறகு என்ன பேசினாய் என்று துருவாதீர்கள். கேட்க வேண்டியவை இரண்டு: மருந்து எத்தனை நாள், எது நடந்தால் திரும்பி வரச் சொன்னார்? மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, தடிப்பு வாய்க்கோ கண்ணுக்கோ பரவினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் அதே தாளை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.